ட்ரோன் பேட்டரிக்கு அரை வயிறு போதும்

பஞ்சகவ்யம், மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் ட்ரோனில் தெளிக்கும் காலம் வந்துவிட்டது. எங்கள் மேலநீலிதநல்லூர் கரிசலில் மக்காச்சோளம் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைய ஆள் கிடைப்பதில்லை. 2018-இல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு குருத்துக்குள் மருந்து விழுந்தே ஆக வேண்டும் என்ற நிலை. அதனால் வாடகைக்கு எடுக்கிறோம்; சிலர் சேர்ந்து சொந்தமாகவே வாங்குகிறார்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதிக்குக் கடன் உண்டு.

வாங்கும்போது எல்லோரும் டேங்க் எத்தனை லிட்டர், நாசில் எத்தனை என்றுதான் கேட்கிறோம். பேட்டரியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் அடிக்கடி செலவு வைப்பதும், வீட்டையே கொளுத்தக்கூடியதும் அந்தப் பேட்டரிதான்.

இது டிராக்டர் பேட்டரி அல்ல

டிராக்டர், இன்வெர்ட்டர், பழைய பேட்டரி ஸ்பிரேயர் ஆகியவற்றில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதற்கு விதி ஒன்றுதான்: எப்போதும் முழுசா சார்ஜ் ஏற்றி வை, காலியாக விடாதே. நாற்பது வருடமாக நமக்குக் கைவந்த பழக்கம் அது.

தெளிப்பு ட்ரோன்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லைப்போ. பிள்ளைகள் பறக்கவிடும் பொம்மை விமானத்திலும் இதேதான், அளவு மட்டும் சின்னது. இதற்குக் கெட்டியான பெட்டி கிடையாது. மெல்லிய அலுமினியப் பையில் அடைத்த செல்கள். உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த அமிலம் அல்ல, தீப்பற்றும் கரைப்பான். எடை குறைவு, ஒரே நேரத்தில் நிறைய கரண்ட் கொடுக்கும். அதனால்தான் சுமையைத் தூக்கிப் பறக்க முடிகிறது. அதே காரணத்தால், கோளாறு வந்தால் அத்தனை சக்தியும் சூடாக ஒரே இடத்தில் வெளியே வரும்.

ஒரு செல்லின் கணக்கு இது. சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெடும். சும்மா வைத்திருக்கும்போது இருக்க வேண்டியது 3.8 முதல் 3.85 வோல்ட், அதாவது ஏறக்குறைய பாதி. பேட்டரியில் 6 எஸ் என்று போட்டிருந்தால் ஆறு செல் வரிசையாக இருக்கிறது என்று பொருள்: முழுசுக்கு 25.2 வோல்ட், கிடப்பில் வைக்க 23 வோல்ட். 12 எஸ் என்றால் இரண்டும் இரட்டிப்பு.

மானாவாரிக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியம். நமக்கு ஐப்பசி மழைக்கு விதைத்து தை, மாசியில் வேலை முடிகிறது. ட்ரோனுக்கு வேலை இரண்டு மூன்று மாதம். மீதி மாதங்கள் பேட்டரி சும்மா கிடக்கும், அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில். டிராக்டர் பேட்டரி நினைப்பில் முழு சார்ஜ் ஏற்றி பரணில் போட்டுவிட்டால், முழு அழுத்தமும் சூடும் சேர்ந்து உள்ளே வாயு உண்டாகி பை உப்பும். காலியாகப் போட்டாலோ தானாகக் கசிந்து 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்த பருவத்தில் அதை வம்படியாக சார்ஜ் ஏற்றினால் தீ விபத்துக்கு வழி.

வயலில் அவசரம் வேண்டாம்

10 லிட்டர் ட்ரோன் சுமையோடு ஏறக்குறைய பத்து நிமிடம் பறக்கும். ஓர் ஏக்கர் முடியும். பத்து ஏக்கருக்குப் பத்துத் தடவை பேட்டரி மாற்ற வேண்டும். கையில் இரண்டு மூன்று செட் மட்டும் இருந்தால், சூடாக இறங்கியதை அப்படியே ஜெனரேட்டரில் மாட்டச் சொல்லும். தப்பு அங்கேதான் நடக்கிறது.

இறக்கிய பேட்டரியை நிழலில், காற்றோட்டத்தில் அரை மணி நேரமாவது வையுங்கள். தொட்டால் சூடு தெரியக் கூடாது. அதன் பிறகே சார்ஜ். குளிர்விக்கிறேன் என்று ஈரத்துணி போர்த்த வேண்டாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைக்கவே வேண்டாம். கடைசிச் சொட்டு வரை பறக்காமல், கால்வாசி மிச்சம் இருக்கும்போதே இறக்கச் சொல்லுங்கள்.

இயற்கை விவசாயிகளுக்கு மட்டும் ஒரு செய்தி. நம் கரைசல்களில் கோமியத்து உப்பு, வெல்லம், மீன் அமிலத்தின் புளிப்பு எல்லாம் உண்டு. இவை பேட்டரி முனையில் படிந்தால் செம்பு கறுக்கும், இணைப்பு சூடாகும். டேங்க் நிரப்புகிறவரும் பேட்டரி மாட்டுகிறவரும் வேறு ஆளாக இருப்பது நல்லது. ஒரே ஆள் என்றால் கை கழுவித் துடைத்த பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சார்ஜ் ஏற்றும் முறை

செல்களைச் சமப்படுத்தி ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே ஆகும். தடித்த இரண்டு ஒயரோடு, மெல்லிய ஒயர்கள் உள்ள வெள்ளை இணைப்பையும் மாட்ட வேண்டும். அதை விட்டால் ஒரு செல் நிரம்பி வழியும், ஒன்று பட்டினி கிடக்கும். மொத்த வோல்ட் மட்டும் சரியாகக் காட்டும்.

சார்ஜரில் வகையும் செல் எண்ணிக்கையும் பேட்டரியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு முழு அழுத்தம் 3.65, உயர் அழுத்த லைப்போவுக்கு 4.35. வகை மாறினால் விபத்து. கரண்ட் போய் வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆம்பியர் கணக்கு எளிது. 16,000 எம்.ஏ.எச். என்றால் 16 ஆம்பியர்-மணி. அதற்கு 16 ஆம்பியரில் ஏற்றுவதை 1 சி என்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தயாரிப்பாளர் வேறு சொல்லாத வரை அதைத் தாண்ட வேண்டாம்.

இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் வீடுகளில் ஒரு மூலையில் பருத்தி மூட்டை, ஒரு மூலையில் டீசல் கேன், வெளியே சோளத்தட்டைப் படப்பு, பக்கத்திலே மாட்டுக் கொட்டகை. இவை எதன் அருகிலும் சார்ஜ் கூடாது. திறந்த சிமெண்ட் தரை, மேலே கூரை ஓலை இல்லாத இடம், பக்கத்தில் இரண்டு வாளி உலர்ந்த மணல், கூடவே ஓர் ஆள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது அறவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ட்ரோன் பேட்டரியும் அதே குடும்பம்தான்.

கிடப்பில் வைக்கும்போது

இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேலை இல்லையென்றால், சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்ற முறையைப் போட்டால் அதுவே பாதிக்குக் கொண்டுவந்துவிடும். செங்கல் அடுக்கித் தொட்டி மாதிரி செய்து, அடியில் மணல் பரப்பி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வையுங்கள். முனைகளுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். காற்றுப் புகாத இரும்புப் பெட்டி வேண்டாம். வாயு அடைபட்டால் வெடிக்கும். வீட்டில் ஆக நிழலான, குளிர்ச்சியான, ஆள் படுக்காத இடமாகப் பாருங்கள்.

வங்கி வேலையில் வந்த பழக்கம், ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் எழுதி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வாங்கிய தேதி, எத்தனை தடவை சார்ஜ், மாதம் ஒருமுறை ஒவ்வொரு செல்லின் வோல்ட். ஒரு செல் மட்டும் மாதாமாதம் மற்றவற்றைவிடப் பின்தங்கினால் அந்தப் பேட்டரியை ஓய்வுக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது. கூட்டாக வாங்கியவர்கள் இந்த நோட்டு இல்லாமல் நடத்தவே கூடாது. யாரால் கெட்டது என்ற சண்டையும் மிச்சம்.

உப்பினால், விழுந்தால், பற்றினால்

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பலூன் அல்ல, தீப்பற்றும் வாயு. ட்ரோன் கீழே விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் பேட்டரியைக் கழற்றி வெட்டவெளியில் சில மணி நேரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சீறும் சத்தம், இனிப்பான கரைப்பான் வாசனை, புகை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், ஆட்களை விலக்குங்கள். கையால் தூக்க ஓடாதீர்கள். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு உண்டு. காற்று வரும் பக்கம் நில்லுங்கள். மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் உள்ளே எரிவதை நிறுத்தாது. மின்சாரம் நின்ற பிறகு தூரத்தில் நின்று நிறைய தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தால் சூடு தணியும். ஒரு வாளி போதாது. 101-க்குச் சொல்லிவிடுங்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியை எங்கே போடுவது? உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் போடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. உப்பு முனையைத்தான் அரிக்கும், சார்ஜ் உள்ளேயே தங்கிவிடலாம். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? உள்ளே புளோரின் சேர்ந்த லித்தியம் உப்பும், பெரும்பாலும் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன. ரசாயனம் வேண்டாம் என்று வருடக்கணக்கில் மண்ணைத் திருத்திவிட்டு, அதே வரப்போரம் இதைப் புதைப்பதில் அர்த்தமே இல்லை. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. மற்ற குப்பையோடு சேர்க்காமல் ஒப்படைப்பது நம் பொறுப்பு. எனவே வாங்கும்போதே, பழசைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தராத கடையில் ட்ரோன் வாங்க வேண்டாம்.