மன்னாரில் குரூஸ் என்னும் பெயர்

மன்னார்க் கரையிலே குரூஸ் என்னும் குடிப்பெயரை அடிக்கடி கேட்கின்றோம். போர்த்துக்கேய மொழியில் அது சிலுவையைக் குறிக்கும். கத்தோலிக்கர் வழங்கும் குருசு, குருசடி என்னும் சொற்களும் அதன் வழி வந்தனவே. இப்பெயர் தாங்கியோரைப் பறங்கியரின் வழித்தோன்றல்களென எண்ணுவோர் உளர். பெயரொன்றையே சான்றாகக் கொண்டு அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கேயரின் துணையை நாடித் திருமறை தழுவினர். அந்நெறியை அவர்க்குக் காட்டியவர் ஜோவாம் த குரூஸ் என்னும் குதிரை வணிகர். அவரோ கள்ளிக்கோட்டையினின்று லிஸ்பன் சென்று ஞானஸ்நானம் பெற்றவர். பிறப்பாற் போர்த்துக்கேயர் அல்லர். ஆகவே, இப்பெயர் நம் கடற்கரைக்கு வந்தபோதே இந்தியர் ஒருவர் மேல் ஏறி வந்தது எனலாம். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின் பெயரையோ மறை சார்ந்த பெயரையோ ஏற்பது அக்கால வழக்கு. குருதிக்கு அங்கே வேலையில்லை.

மன்னாரில் திருமறை தழுவியோர் பலரை 1544இல் யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி கொல்வித்தான். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றினர். எதிர்க்கரைப் பரதவர் சிலரும் அங்குக் குடியேறினர். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனரேயன்றிப் பெயர்களைத் தடுத்திலர். அவர்தம் தோம்புகளில் மக்கள் பெயர்கள் எழுத்திலேறின. எழுத்திலேறிய பெயர் எளிதில் மாறாது.

நம்மவருள் தந்தையின் பெயரே மகனுக்கு முதலெழுத்தாகின்றது. தலைமுறைதோறும் அது மாறும். இவ்வழக்கைக் கைக்கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் குரூஸ் மறைந்து, சூசையோ சவிரியோ இராயப்புவோ எஞ்சக்கூடும். உடன்பிறந்தார் இருவரின் மரபினருள் ஒரு கிளை குரூஸாகவும் மறு கிளை வேறாகவும் வழங்குதல் இயல்பே. எனவே பெயரின்மையுங்கூட உறவின்மைக்குச் சான்றாகாது. தூத்துக்குடியிலோ அது முற்பெயராகவும் நின்றது: நகரசபைத் தலைவராயிருந்து புகழ்பெற்றவர் குரூஸ் பர்னாந்து (1869–1930).

பிலிப்பைன் தீவுகளிலும் இஸ்பானிய உருவமாகிய தெலா குரூஸ் மிகப் பரவிய குடிப்பெயர். அதனைத் தாங்குவோருட் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிகளே. மன்னார்ப் பெயரும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் தமிழ்நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றது. ஆங்கிலத்தில் அதனை இலங்கையர் சிலர் இரண்டு ஓகாரமிட்டு எழுதுவர். அயல்நாட்டு அலுவலர் அதனைக் குரோஸ் என வாசித்தால் வியப்பில்லை.