கடைக்கு ஒரு போன்: சிக்னல் முதலில், கருவி கடைசியில்

புறக்கோட்டையிலோ மாவனல்லையிலோ கல்முனையிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் தராசு பழுதாகிப் போனாலும் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி அரை நாளைச் சமாளித்து விடுவார். கையடக்கத் தொலைபேசி இல்லாமல் அப்படிச் சமாளிக்க முடியாது. மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல் வட்ஸ்அப்பில் வருகிறது. வாடிக்கையாளர் சாமானின் படத்தை அனுப்பி “இது இருக்கா?” என்று கேட்கிறார். வங்கியில் காசு விழுந்த செய்தியும் லங்கா கியூஆர் மூலம் வந்த பணத்தின் விபரமும் அந்தச் சிறிய திரையில்தான் தெரிகின்றன. கடன் கொப்பியைக் கூட இப்போது பலர் படம் பிடித்துப் போனில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பொறுப்பான சாமானை நாம் எப்படி வாங்குகிறோம்? முதலில் போனைப் பார்க்கிறோம். அதன் கமராவைப் பார்க்கிறோம். பிறகு கையில் இருக்கும் சிம்மைப் போடுகிறோம். டேட்டா முடிந்தால் ரீலோட் போடுகிறோம். கடைக்குள் சிக்னல் இல்லையென்றால் வாசலுக்கு வந்து நின்று கதைக்கிறோம். என்னைக் கேட்டால் இந்த ஒழுங்கு தலைகீழானது. வியாபாரிக்கு முதலில் தேவை சிக்னல், அடுத்தது டேட்டா, அதன் பிறகுதான் போன்.

சிக்னலை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. நாடு முழுவதும் எந்தக் கம்பனி வேகமானது என்பது உங்களுக்குத் தேவையற்ற தகவல். உங்கள் கடையின் பின்பக்கக் களஞ்சிய அறையில், கொங்கிரீட் தட்டுக்குக் கீழே, இரும்பு ஷட்டர் பாதி இறக்கப்பட்ட நிலையில் எது வேலை செய்கிறது என்பதே கேள்வி. நண்பர்களிடம் வெவ்வேறு கம்பனி சிம்களை ஒரு நாளைக்கு வாங்கிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மட்டுமல்ல, இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலும் பாருங்கள். ஊரெல்லாம் வீடியோ பார்க்கும் அந்த நேரத்தில்தான் பல இடங்களில் வேகம் விழுகிறது. சாமான் ஏற்றி இறக்கும் பாதையிலும் ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது. வேன் சாரதி கண்டி வீதியில் எங்கோ தொடர்பில்லாமல் நிற்கும்போது கொழும்பில் நல்ல சிக்னல் இருந்து என்ன பயன்?

இரண்டு சிம் போடும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த இரண்டு என்பதில் பலர் கவனமாக இல்லை. 2018இல் எடிசலாட்டின் இலங்கை நிறுவனம் ஹட்ச்சுடன் இணைந்தது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. எனவே இன்று இருப்பவை மூன்று கம்பனிகளே. 077, 076, 074 என்று தொடங்குபவை டயலொக்கினுடையவை, 075 எயார்டெல்லினுடையது. இந்த நான்கும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். 071, 070 எஸ்.எல்.ரி. மொபிடெல். 078உம் பழைய எடிசலாட்டின் 072உம் ஹட்ச். போனில் 077உம் 075உம் போட்டுக்கொண்டு “ஒன்று போனாலும் மற்றது இருக்கிறது” என்று நிம்மதியாக இருப்பவர், ஒரே மொத்த வியாபாரியின் இரண்டு கடைகளில் கொள்முதல் செய்பவரைப் போன்றவர். இரண்டாவது சிம் உண்மையிலேயே வேறு கம்பனியுடையதாக இருக்க வேண்டும்.

இதன் அருமையை 2022 மார்ச் இறுதியில் பலர் கண்டார்கள். மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை சென்ற அந்த நாட்களில் கோபுரங்களின் பெற்றரிகளும் இறங்கிப் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகப் பகுதிகளில் தொடர்புகள் அறுந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படியான வேளையில் ஒரு கம்பனியின் சிக்னல் போய் மற்றதன் சிக்னல் நின்றால், அந்த ஒரு கோடு வியாபாரத்தை மட்டுமல்ல, குடும்பத்தையும் சேர்த்துத் தாங்கும்.

டேட்டா: காலாவதித் திகதி உள்ள சரக்கு

ஒரு நடுத்தரக் கடைக்கு மாதம் எவ்வளவு டேட்டா தேவை? பலர் 30 ஜிபி, 50 ஜிபி என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் கதைக்க அரை எம்பி அளவில் போகிறது. ஒரு நாளைக்கு 40 நிமிடம் என்றால் 20 எம்பி. வட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் ஒரு படம் சராசரியாக 200 கேபி என்று வைத்து, 100 படங்கள் வந்து போனால் இன்னொரு 20 எம்பி. வங்கி, கியூஆர் வேலைகளுக்கு 10 எம்பி தாராளம். ஆக 50 எம்பி. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 1.3 ஜிபி. கைகாவலுக்கு இரட்டிப்பாக எடுத்தாலும் 3 ஜிபியைத் தாண்டாது.

மிகுதி எங்கே போகிறது என்று வெட்கப்படாமல் பார்க்க வேண்டும். நடுத்தரத் தெளிவில் ஒரு மணித்தியாலம் வீடியோ பார்த்தால் ஏறத்தாழ அரை ஜிபி. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 30 ஜிபி. அதாவது வியாபாரத்தைப் போலப் பத்து மடங்கு. பேஸ்புக்கில் தானாக ஓடும் வீடியோவும், குடும்பக் குழுக்களில் வந்து தானாக இறங்கும் வாழ்த்துப் படங்களும் இதில் சேர்த்தி. வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் சென்று, டேட்டாவில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்தி விடுங்கள். தேவையானதைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். ஒரு சதம் செலவில்லாத இந்த வேலையைச் செய்தாலே சிலருக்குப் பொதியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முடியும். போனின் அமைப்புகளிலேயே எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்ற கணக்கும் இருக்கிறது. மாத முடிவில் மின்சாரக் கட்டணத்தைப் பார்ப்பது போல அதையும் பார்க்கலாம்.

பொதிகளின் விலையை இங்கே நான் எழுதவில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வருமுன் அவை மாறிவிடும். ஆனால் விலையை எப்படிப் பார்ப்பது என்பது மாறாது. உதாரணத்துக்கு, 900 ரூபாவுக்கு 30 ஜிபி என்று ஒரு பொதி இருப்பதாக வைப்போம். ஒரு ஜிபி 30 ரூபா. மலிவுதான். ஆனால் அந்த முப்பதில் இருபது இரவு டேட்டா, நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை மட்டுமே செல்லும் என்றால்? உங்களுக்குக் கடையில் பயன்படுவது 10 ஜிபி. அதில் ஒரு ஜிபியின் விலை 90 ரூபா. சாமான் வாங்கும்போது கழிவையும் எடையில் சேர்த்து விலை பார்க்கும் வியாபாரி இதில் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?

இரவு டேட்டா வீண் என்று நான் சொல்லவில்லை. சுபஹ் தொழுகைக்கு எழும்புபவருக்கு அதன் பிறகு காலை எட்டு மணி வரை நல்ல அவகாசம் இருக்கிறது. செயலிகளைப் புதுப்பிப்பது, படங்களையும் வட்ஸ்அப் செய்திகளையும் கூகுள் கணக்கில் சேமிப்பது போன்ற கனத்த வேலைகளை அந்த நேரத்துக்குத் தள்ளலாம். அப்படிச் செய்யாதவர் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வட்ஸ்அப்புக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று வரும் சமூக ஊடகப் பொதிகளிலும் ஒரு பொறி உண்டு. வாடிக்கையாளர் அனுப்பிய இணைப்பு ஒன்றைத் தொட்டதும் அது வேறு தளத்துக்குப் போகும். வங்கிச் செயலியும் அந்தப் பொதிக்குள் வராது. பொதிக்கு வெளியே போகும் ஒவ்வொரு எம்பியும் பிரதான மீதியிலிருந்து, கூடிய விலையில் கழியலாம். பொதி முடிந்ததும் டேட்டாவை நிறுத்தி விடும்படி கம்பனியிடம் கேட்டு அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. “எல்லையற்றது” என்று வருபவற்றில் ஒரு அளவுக்கு மேல் வேகம் குறைக்கப்படும். அது மோசமென்று பலர் ஒதுக்குகிறார்கள். வட்ஸ்அப்புக்கும் வங்கி வேலைக்கும் பெரிய வேகம் தேவையில்லை. மாத நடுவில் அறுந்து போகாத மெதுவான டேட்டா, வேகமாக ஓடிப் பத்து நாளில் முடியும் டேட்டாவை விடப் பல கடைகளுக்குப் பொருத்தமானது.

நாளுக்கு நாள் சிறிய ரீலோட் போடுவது சீனியை நூறு கிராமாக வாங்குவதைப் போன்றது. மாதப் பொதியைத் தேவைக்கு மேல் வாங்குவதோ பால்மாவைக் காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதைப் போன்றது. இரண்டும் நட்டம். ரீலோட் இல்லாதபோது கம்பனி கடனாகத் தரும் மீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு மேலதிகக் கட்டணம் எடுத்தால் அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்: வாரத்தில் மூன்று தடவை அந்தக் கடனை எடுப்பவர் மாத முடிவில் ஒரு சிறு பொதியின் விலையைச் சும்மா கொடுத்திருப்பார்.

பெட்டியில் இருக்கும் இலக்கங்கள்

இனிப் போனுக்கு வருவோம். “நாநா, இது 8 ஜிபி ரேம்” என்று விற்பனையாளர் தம்பி சொல்லுவார். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் 4+4 என்று இருக்கும். முதலாவது நான்கு உண்மையான ரேம். இரண்டாவது நான்கு, சேமிப்பகத்திலிருந்து இரவல் எடுத்துக் காட்டும் போலி ரேம். அதன் வேகம் உண்மை ரேமுக்குக் கிட்டவும் வராது. தராசில் கையை வைத்து நிறுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கூட்டலுக்கு முன்னால் நிற்கும் இலக்கத்துக்கு மட்டும் விலை கொடுங்கள். கடைப் பாவனைக்கு உண்மையான ரேம் 4 ஜிபிக்குக் குறையாமலும் சேமிப்பகம் 128 ஜிபியாகவும் இருப்பது நல்லது. 64 ஜிபியை வட்ஸ்அப் படங்களே ஒரு வருடத்தில் நிரப்பி விடக்கூடும்.

சிம் தட்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். சில போன்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்ட்டும் ஒரே குழியைப் பங்கு போடுகின்றன. ஒன்றைப் போட்டால் மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டு கம்பனி சிம் தேவைப்படும் வியாபாரிக்கு மூன்று குழி உள்ளதே சரி. பெற்றரி 5000 எம்ஏஎச், சத்தமான ஸ்பீக்கர், வெயிலில் தெரியும் திரை ஆகியவற்றைக் கடைக்கு வெளியே கொண்டு வந்து பார்த்து வாங்கலாம். பின்பக்கம் நான்கு கண்ணாடி வட்டங்கள் இருப்பதால் நான்கு நல்ல கமரா என்று அர்த்தமில்லை. விலைச்சிட்டை தெளிவாக விழும் ஒரு கமரா போதும். இந்த வேலைகளுக்கு 4ஜி தாராளம். 5ஜி என்ற சிட்டைக்காக ரேமில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்தப் போனுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எத்தனை வருடத்துக்கு வரும்? வங்கிச் செயலி வைத்திருப்பவருக்கு இது பூட்டின் தரத்தைப் போன்றது. பழைய மென்பொருளைச் செயலிகளும் கைவிட்டு விடுகின்றன. 2023 ஒக்டோபரில் வட்ஸ்அப், அன்ட்ரொய்ட் 5க்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு ஆதரவை நிறுத்தியது. 2024 இறுதியில் வந்த செம்சங் கலக்ஸி ஏ16க்கு ஆறு வருடப் பாதுகாப்பு மேம்படுத்தலை அந்நிறுவனம் அறிவித்தது. விலை குறைந்த வகையில் இது பெரிய மாற்றம். அதை வாங்குங்கள் என்பதல்ல என் பேச்சு. கணக்கைப் பாருங்கள். 30,000 ரூபா போன் இரண்டு வருடம் பாதுகாப்பாக ஓடினால் மாதம் 1,250 ரூபா. 45,000 ரூபா போன் ஐந்து வருடம் ஓடினால் 750 ரூபா. இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான்.

போன் விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பவர்களுக்கு விடை தெரிந்ததே. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. இதனால்தான் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருபவர்களிடம் போன் சொல்லி அனுப்புவதும், பில் இல்லாமல் வரும் போனை வாங்குவதும் கூடின. இங்கே கவனம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தனது அங்கீகாரம் இல்லாத புதிய கருவிகளுக்கு வலையமைப்பில் இடமில்லை என 2025 ஜனவரியில் அறிவித்தது. காசு கொடுக்குமுன் போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், பதிவு செய்யப்பட்டதா என்ற பதில் வரும். பதில் வரும்வரை காசை எண்ண வேண்டாம். “கம்பனி வாரண்டி”யும் “கடை வாரண்டி”யும் ஒன்றல்ல. இரண்டாவது, அந்தக் கடை இருக்கும் வரைக்கும் மட்டும்தான்.

கடைசியாக, போனை விடப் பெறுமதியான சாமான் ஒன்று: உங்கள் இலக்கம். பெயர்ப்பலகையிலும் பையிலும் பில்லிலும் அச்சடித்திருக்கும் அந்தச் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த புடைவை வியாபாரி ஒருவரின் கடை இலக்கம், பல வருடத்துக்கு முன் வேலை செய்த பையனின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது. போன் தொலைந்ததும் அதே இலக்கத்தில் புதிய சிம் எடுக்கப் போனார். கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. அந்தப் பையனோ கட்டாரில் இருந்தான். அவன் விடுமுறையில் வரும்வரை வட்ஸ்அப்பும், வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கமும், வாடிக்கையாளர் எல்லோரும் அந்தரத்தில் தொங்கினார்கள். அடையாள அட்டையுடன் இந்த வாரமே கம்பனியின் நிலையத்துக்குச் சென்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வந்ததும் வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய இலக்கத்தையும் போட்டு விடுங்கள். போனின் பற்றுச்சீட்டையும் ஐஎம்இஐ எண்ணையும் கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான், அது தொலைந்த போனுக்குள் இருந்து பயனில்லை.