சுவருக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர்

சிறுசேரி சிப்காட்டிலோ மகேந்திரா சிட்டியிலோ ஓர் அலுவலகத்துக்குள் போனால், மீட்டிங் அறையின் தடுப்பைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஜிப்சம் போர்டு. தலைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங்காகத் தொங்குவதும் அதுவாக இருக்கலாம். கனம் 12.5 மில்லிமீட்டர்தான். நாலுக்கு எட்டடிப் பலகை ஒன்று சுமார் 25 கிலோ. அதில் ஏறக்குறைய 5 கிலோ தண்ணீர்! ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களின் நீர் உள்ளே இருந்தும் தொட்டால் துளி ஈரம் கிடையாது.

காரணம், அது படிக நீர். அதாவது கனிமத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்துவிட்ட நீர். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தில், ஒரு காலத்தில் கடலடியாக இருந்த களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாகப் பளபளக்கும். அதன் எடையில் 21 சதவீதம் நீர்தான். பொடித்துச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு பிரிந்துபோகும். மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால், இழந்ததை உறிஞ்சிக்கொண்டு நுண்ணிய ஊசிப் படிகங்களாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மாதக்கணக்கில் இறுகும். ஜிப்சத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

ஆலையில் இந்தக் குழம்பை ஓடும் காகிதத்தின் மேல் ஊற்றி, இன்னொரு காகிதத்தால் மூடுகிறார்கள். ஜிப்சம் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இழுவையை ஏற்பது காகிதம். போர்டு வெட்டுபவரைக் கவனியுங்கள். ரம்பம் தேவையில்லை. கத்தியால் ஒரு பக்கக் காகிதத்தைக் கீறி, பின்பக்கம் ஒரு தட்டு. நேர்கோட்டில் 'சடக்'கென்று உடையும்.

தீப்பிடித்தால்தான் அதன் முழு அருமை தெரியும். வெப்பம் முதலில் அந்தப் படிக நீரை ஆவியாக்கியாக வேண்டும். அது தீரும்வரை சுவரின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆட்கள் வெளியேற அந்த அவகாசம் உயிர் காக்கும்.

உர ஆலைக் கழிவிலும் ஜிப்சம் உண்டு. அதில் கண்ணாடி இழை சேர்த்து வார்த்த பலகைகளைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி. 2013இல் நான்கு வீடுகள் கொண்ட இரண்டு தளக் கட்டடத்தையே எழுப்பிக் காட்டியது.

ஆனால் நெருப்பை எதிர்ப்பது வெள்ளத்துக்குத் தோற்கும். கோவளம் முதல் மாமல்லபுரம்வரை கடலோரத்தில் வீடு கட்டுவோர், குளியலறைப் பக்கம் ஈரம் தாங்கும் பச்சை நிறப் போர்டைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டமே இருக்கட்டும். தரைக்கும் பலகைக்கும் இடையே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். அப்போதுதான் தரையில் சிந்தும் தண்ணீரைக் காகிதம் உறிஞ்சாது.