640 வரிசை, 640 வடிவம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 640 மாவட்டங்கள். அந்த ஆண்டின் எல்லைகளை வைத்து வரைந்த வரைபட அடுக்கிலும் 640 வடிவங்கள். கணக்கெடுப்பு அட்டவணையை வரைபடத்தோடு இணைக்க கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். அதன் விலை 0 ரூபாய். எந்த நெடுவரிசையை வைத்து இணைக்கிறோம் என்பதில்தான் செலவே தொடங்குகிறது.

மாவட்டப் பெயரை வைத்து இணைப்பவர்கள் நிறைய. ஔரங்காபாத், பிலாஸ்பூர், ஹமீர்பூர், பிரதாப்கர் ஆகிய 4 பெயர்களும் அந்தப் பட்டியலில் இரண்டிரண்டு மாநிலங்களில் வருகின்றன. பீகார் ஔரங்காபாத்தில் 25,40,073 பேர். மகாராஷ்டிர ஔரங்காபாத்தில் 37,01,282 பேர். ஒரு வடிவத்துக்கு ஒரு வரிசையைத்தான் மென்பொருள் எடுக்கும். ஆகவே இரண்டு ஔரங்காபாத்துக்கும் ஒரே எண் விழும். 11,61,209 பேர் கூடவோ குறையவோ செய்வார்கள்; பிழைச் செய்தி எதுவும் வராது.

கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீட்டு எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. குப்வாரா 001, தெற்கு அந்தமான் 640. தமிழ்நாட்டுக்கு 602 திருவள்ளூர் முதல் 633 திருப்பூர் வரை 32 எண்கள். ஆனால் எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தால் 001 வெறும் 1 ஆகிவிடும். வரைபடத்தில் அது எழுத்தாக '001' என்றே இருக்கும், இரண்டும் சேராது. இப்படி 99 மாவட்டங்கள் விடுபடும். அன்றைய ஜம்மு காஷ்மீர் 22, இமாசலம் 12, பஞ்சாப் 20, சண்டிகர் 1, உத்தராகண்ட் 13, ஹரியாணா 21, டெல்லி 9, ராஜஸ்தானில் முதலாவதான கங்காநகர் 1. மொத்தத்தில் 15.5 சதவீதம். வடக்கே வரைபடம் வெள்ளையாகக் கிடக்கும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது எளிது.

இணைத்ததை ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாகச் சேமிக்கும்போது இன்னொரு சில்லறை இழப்பு உண்டு. அதில் நெடுவரிசைப் பெயருக்கு 10 எழுத்துதான் இடம். கியூஜிஐஎஸ் அட்டவணையின் பெயரை முன்னொட்டாகச் சேர்க்கும். அட்டவணைப் பெயர் 9 எழுத்து என்றால், ஓர் அடிக்கோடு, அதோடு 10 தீர்ந்தது. ஆண் எது, பெண் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பெயரில் வரிசை எண் போட்டு நிற்கும். முன்னொட்டை நீக்குங்கள், அல்லது ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் எனக்குக் கவலை தருகிறது. தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை எனப் புதிதாகப் பிரிந்தன. 2011 அட்டவணையை இந்த 38 வடிவங்களோடு இணைத்தால் புதிய 6 மாவட்டங்கள் காலியாக நிற்கும். அது தெரிந்துவிடும். தாய் மாவட்டங்கள் ஐந்தும் பழைய எண்ணைச் சுமந்துகொண்டு சரியானவைபோல நிற்பதுதான் ஆபத்து:

வேலூர்: 39,36,331
காஞ்சிபுரம்: 39,98,252
விழுப்புரம்: 34,58,873
திருநெல்வேலி: 30,77,233
நாகப்பட்டினம்: 16,16,450
கூடுதல்: 1,60,87,139

மாநிலத்தின் 22.3 சதவீதம் மக்களுக்கான எண்கள் தவறான எல்லைக்குள் அடைபடுகின்றன. தென்காசிக்காரர் திருநெல்வேலியில் எண்ணப்படுகிறார். தென்காசிக்கு எத்தனை மருத்துவமனைப் படுக்கை வேண்டும் என்று அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தால் விடை பூச்சியம். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. 7,21,47,030 என்று மாநில மொத்தம் சரியாகவே வரும், ஏனென்றால் ஒருவரும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

எனவே பரப்பளவையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அதற்குச் சென்னை நல்ல உரைகல். 2011-இல் 46,46,732 பேர், 175 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 26,553. 2018-இல் மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. உங்கள் அடுக்கில் சென்னையின் அடர்த்தி 10,908 என்று வந்தால் எல்லை புதிது, எண் பழையது. அப்போது இரண்டு வழிகள். 32 மாவட்ட எல்லைக் கோப்புக்குத் திரும்பலாம். இன்றைய மாவட்டம்தான் வேண்டுமென்றால் 6 இலக்கக் கிராமக் குறியீடுவரை இறங்கி, 15,979 கிராமங்களையும், அவற்றோடு நகரங்களையும் புதிய எல்லைக்குள் ஒவ்வொன்றாக வைத்துக் கூட்ட வேண்டும். இரண்டாவது வழி மெனக்கெட வைக்கும். தென்காசிக்கு அதன் மக்கள்தொகை அப்படித்தான் கிடைக்கும்.