பின்கட்டிலிருந்து வாசலுக்கு

குற்றாலத்து அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்பது தென்காசிப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையும் ஊர் அந்தக் கணக்கில்தான் சேர்த்தது. ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1912ஆம் ஆண்டுச் சட்டமே மனநோயையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தது.

அன்று வீட்டில் ஆள் இருந்தது. ஆச்சி சோறூட்டுவாள், அத்தை குளிப்பாட்டுவாள், அம்மா பீடி சுற்றும்போது பக்கத்திலேயே பிள்ளை உட்கார்ந்திருக்கும். அக்காளைப் பெண் பார்க்க வந்தால் மட்டும் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாசத்துக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊரான ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் துணை நின்றார். இன்று சங்கத்தின் பணியாளர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடு தேடி வருகிறார்கள்; குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவதையும் கரண்டி பிடிப்பதையும் எப்படிப் பழக்குவது என்று அம்மாவுக்குக் காட்டுகிறார்கள். வாரத்தில் ஒருநாள் வருகிறவரைவிட, தினமும் கூட இருப்பவர் கற்றுக்கொடுத்தால் பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும்.

அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. இவையெல்லாம் வந்த காலத்தில் வீடு சுருங்கிவிட்டது. ஆச்சி இல்லை, அண்ணன் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். பயிற்சி, சமையல், சம்பாத்தியம் எல்லாம் அம்மா ஒருத்தி தலையில்.

"எனக்குப் பிறகு யார்?" என்ற கவலை மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தாமாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. அதற்கு வழி செய்வது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குப் பாதுகாவலர் தேவைப்படுமானால் அந்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். அதை எழுதும் நாளில் அண்ணனையும் தங்கையையும் கூட உட்கார வையுங்கள்.