கண்ணும் கேட்கும்

பேச்சைக் கேட்பது காதின் வேலை மட்டுமல்ல. கண்ணுக்கும் அதில் பங்குண்டு. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற உளவியலாளர்கள் பிரிட்டனில் இதைச் சோதித்தனர். திரையில் ஒரு பெண்ணின் உதடுகள் 'கா' என்று அசைந்தன. உடன் ஒலித்ததோ 'பா'. பார்த்தவர்களில் பெரும்பாலோரின் காதில் விழுந்தது, இரண்டுமல்லாத 'டா'! திரையைப் பார்க்காமல் கேட்டபோது 'பா' சரியாகவே கேட்டது.

மூளையின் பக்கவாட்டில், பொட்டு மடலில் ஓடும் நீண்ட பள்ளம் ஒன்று முக அசைவையும் குரலையும் இணைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. உணர்ச்சியை அறியவும் இந்த இணைப்பு உதவுகிறது. முகமும் குரலும் ஒத்துப்போனால் கோபமோ மகிழ்ச்சியோ சட்டெனப் புலப்படும். முகம் சிரித்து, குரல் கடுத்தால் மூளை சற்றுத் தடுமாறும். இரைச்சலான இடத்தில் பேசுபவரின் வாயைப் பார்த்தால் சொல் தெளிவாகக் கேட்பதும் இந்த இணைப்பால்தான்.