நடுவயதும் நல்லுடையும்

நெல்லியடிச் சந்தியை அடுத்த புடைவைக்கடை ஒன்றினுள் 45 வயது மதிக்கத்தக்க ஒரு மாது நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். “அக்கா, உங்களுக்கோ, மகளுக்கோ?” என்பதே கடைப்பையன் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும். மகளுக்கு என்றால் மேசைமேல் எல்லா நிறமும் விரியும். தமக்கு என்றாலோ சாம்பல், மண், காய்ந்த இலை ஆகிய நிறங்களில் நாலு சேலைகள் வந்து விழும். பையன்மீது குற்றமில்லை, வாங்க வருவோர் அவற்றையே கேட்டுக் கேட்டு அவனைப் பழக்கிவிட்டனர். “வயது போன காலத்தில் இதெல்லாம் எதற்கு?” என்னும் வாசகத்தைப் பிறர் சொல்லுமுன் நம் பெண்மணிகள் தாமே தமக்குச் சொல்லிக்கொள்கின்றனர்.

இன்று ஐம்பதை அண்டி நிற்கும் வடமராட்சிப் பெண்கள் எத்தகைய இளமையைக் கடந்து வந்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால் இவ்வாசகத்தின் கொடுமை விளங்கும். 1987 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இப்பகுதியில் இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தபோது அவர்கள் பாவாடை சட்டை அணிந்த சிறுமியர். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் போயிற்று, சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்ததும், சிரட்டைக்கரி இட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் பள்ளிச் சீருடையை மினுக்கியதும் அவர்கள் கண்ட காலம். அழகாக உடுக்க வேண்டிய வயதில் உடுக்கக் கிடைக்கவில்லை. கடைகள் நிறைந்து கிடக்கும் இன்றோ, வயது போய்விட்டது என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

ஆசை நியாயமானதே, பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதுவும் நியாயமான கேள்விதான். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நம் நாணயம், சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. நாம் உடுக்கும் சேலைகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருவன. ஆகவே விலை ஏறியது, சம்பளம் அதனோடு ஓடிவரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் சில பாடசாலைகளுக்கு ஆசிரியைகள் சிலர் சேலை தவிர்த்து வேறு உடையில் வந்தது பெரும் வாதமாயிற்று. நாள்தோறும் சேலை உடுத்துவதன் செலவு அவ்வாதத்தில் அடிபட்ட காரணங்களுள் ஒன்று. அது சரியா, தவறா என்பது வேறு விஷயம். சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சேலை இன்று கணக்குப் பார்க்க வேண்டிய பொருள் என்பது மட்டும் உறுதி.

கணக்கை எப்படிப் பார்ப்பது? 30,000 ரூபா கொடுத்து ஒரு பட்டுச்சேலை வாங்கி மூன்று கலியாணங்களுக்கு உடுத்தால், ஒரு நாள் உடுப்புக்கு 10,000 ரூபா. 4,000 ரூபா நூற்சேலையை எண்பது முறை உடுத்தால், ஒரு நாளுக்கு 50 ரூபா. விலைச்சீட்டில் எழுதியிருப்பது கடைக்காரரின் கணக்கு. எத்தனை நாள் உடுப்போம் என்பதே வீட்டுக்காரியின் கணக்கு. பட்டே வேண்டாம் என்பதன்று என் கருத்து. நல்ல பட்டு ஒன்று இருந்தாற் போதும். ஐந்தாவது பட்டுக்குச் செல்லும் பணத்தைத் தையற்காரரிடம் கொடுங்கள் என்பேன்.

ஏனெனில், சேலையை எவரும் உடுக்கலாம். அதற்குரிய சட்டையோ ஒருத்திக்கே உரியது. நாற்பதைக் கடந்தபின் உடம்பின் பருமன் இடுப்பிலும் வயிற்றிலும் மேற்கையிலும் சென்று சேர்வது இயற்கை. நம்மவர் செய்வது என்ன? பத்து ஆண்டுகளுக்கு முன் தைத்த பழைய சட்டை ஒன்றை “அளவுச் சட்டை” என்று தையற்கடையில் நீட்டிவிட்டு வருகின்றனர். அந்த அளவு பழைய மனிதியின் அளவு. புதுச் சட்டையும் முதல் நாளே அக்குளில் இறுக்கும், முதுகிற் சுருங்கும். உடுத்தவர் தம் உடம்பையே நொந்துகொள்வார். உடம்பிற் பிழையில்லை, அளவிலேதான் பிழை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நின்று புதிதாய் அளவு கொடுக்க வேண்டும். இரு பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலத் துணி விடும்படி சொல்லிவைத்தால், பின்னர் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். கை முழங்கைக்குச் சற்று மேல்வரை இறங்கட்டும். மேற்கையின் பருத்த இடத்தில் கை விளிம்பு வந்து நின்றால் பருமன் இரட்டிப்பாகத் தோன்றும். அக்குள் வளைவு மிகத் தாழ இறங்காமல் இருந்தால் கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே இழுபடாது.

இவற்றையெல்லாம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையிற் சென்று சொன்னால் எந்தத் தையற்காரரும் காதில் வாங்கமாட்டார். கூட்டமில்லாத மாதத்திற் செல்லுங்கள். கறுப்பு, அரக்கு, மங்கிய பொன் என்னும் மூன்று நிறங்களில் மூன்று சட்டைகள் அளவாய்த் தைத்துவைத்தால், பழைய சேலைகளிற் பத்து உயிர் பெற்றுவிடும்.

நிறத்தின் கதைக்கு வருவோம். நரை தோன்றிய தலைக்கு அருகே சாம்பல் நிறம் வந்தால் முகம் களைத்துத் தோன்றும். கரும்பச்சை, அரக்கு, ஆழ்ந்த நீலம், கடுகு மஞ்சள் ஆகியவை நம் மாநிறத்துக்குத் தெளிவு தருவன. கடை விளக்கு வெளிச்சத்தை நம்பாதீர்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் தோள்மீது போட்டுப் பார்த்தபின் தீர்மானியுங்கள். யுத்தத்தாலும் பிறவாற்றாலும் கணவரை இழந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு நிறம் ஆகாது என்று விதிக்க எவருக்கு என்ன உரிமை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

துணியில் நான் நூற்பக்கம். நம் பக்கத்து ஊரின் பெயரே பருத்தித்துறை அல்லவா! 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டியதைப் பாட்டனார் சொல்லிக் கேட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கக்கூடும். அது தேசத்தின் காரணம். இங்கே நான் சொல்வது உடம்பின் காரணம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பது பலருக்கு உண்டு. சித்திரை வெயிலில், நெரிசலான பஸ்ஸில், செயற்கை இழைச் சேலை அந்த வியர்வையை வெளியே விடாது, பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். கசங்கிவிடுமே என்பார்கள். மெல்லிய சோற்றுக்கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் ஸ்திரிக்கை போட்டால் மாலைவரை நிற்கும். புது நூற்சேலையை முதன்முறை உப்புக் கரைத்த நீரில் தனியே அலசுங்கள். மற்ற துணிகள் தப்பும். பட்டைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய வேட்டித் துணியிற் சுற்றி, மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றிவைத்தால் சரிகை முறியாது.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் உடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்பு பெரிது, ஆயினும் அங்குள்ள குளிருக்குத் தைத்தது இங்குள்ள புழுக்கத்துக்கு உதவாது. பலாலி 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் சென்னைக்கே சென்று சேலை எடுப்போரும் உளர். விமானக் கட்டணத்தையும் சேலை விலையிற் சேர்த்துப் பார்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்தால் நமக்கென்ன!

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கலியாண வீட்டுப் பெண்களெல்லாம் ஒரே நிறச் சேலை உடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. “எல்லாரும் எடுக்கிறோம், நீங்களும் எடுங்கோ மாமி” என்று மருமகள் முறையானவள் அன்பாய்ச் சொல்லும்போது, மறுக்க நாவெழாமல் காப்பை ஈடு வைத்தவர்கள் உண்டு. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியை 2018 இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. அக்கடன்கள் சேலைக்காகப் பட்டவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், தவணைக்குத் தருகிறேன் என்று வாசலுக்கே சேலைக்கட்டோடு வருபவரிடம் முழு விலையைக் கூட்டிச் சொல்லும்படி ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மாமி சொல்லத்தக்க மறுமொழியும் உண்டு: “அந்த நிறத்தில் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது பிள்ளை, அதையே உடுக்கிறேன்.” புகைப்படத்தில் எவருக்கும் வேறுபாடு தெரியாது.

ஆண்களை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. தொப்பைக்குக் கீழே இடுப்புப்பட்டியை இறக்கி, இளமைக்கால இடுப்பளவையே காப்பாற்றிக்கொள்வதை விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சேட்டின் தோட்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கட்டும். அறுந்த தெறியை அன்றே தைத்துவிடட்டும். கழுத்துப்பட்டை தேய்ந்த சேட்டை எறியவும் வேண்டாம். பட்டையைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைக்கத் தெரிந்த பழைய தையற்காரர் இன்னும் அங்கொருவர் இங்கொருவர் இருப்பர். மனைவியின் சட்டைக்கு அளவு கொடுக்கச் செல்லும் நாளில் அதையும் கையோடு எடுத்துச் செல்லலாம்.